வெட்டுப்படாத விளம்பரம்

திருப்பூர் லேப்டாப் கடை முதலாளி தனசேகர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். இன்ஜினியரிங் சேர்ந்திருந்த பூவிழி, பனியன் கம்பெனியில் அயர்ன் போடும் அப்பாவோடு அவர் முன்னால் நின்றாள்.

“உங்க காசுக்கு இதுதான்மா. வீடியோ எடிட்டிங், இன்ஜினியரிங் சாஃப்ட்வேர் எல்லாம் பறக்கும். என் கடை விளம்பரமே இதுல எப்படி ஓடுது பாரு!”

“ஓடுதுங்க சார். எனக்கு வீடியோவை வெட்டி ஒட்டணும். அதுல உங்க பேச்சைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டுங்க.”

தனசேகர் வெட்டப் போனார். வாயைத் திறந்தபடி அவர் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. கடையே சிரித்தது.

“வெட்டுற மெஷின் வேணும்னா ரெண்டு மடங்கு விலை! காசு இருக்கா?” என்று கத்தினார்.

இல்லை. வெறுங்கையோடு வெளியே வந்ததும் அப்பா மெதுவாகச் சொன்னார்: “ஜெயிச்சுட்டே கண்ணு.”

“ஆமாங்கப்பா. திங்கக்கிழமை காலேஜுக்கு லேப்டாப்புக்குப் பதிலா அதைத்தான் எடுத்துட்டுப் போகணும்.”