ரோஸ் புள்ளி

ஒரு ஊர்ல ஒரு பாறை. மலை உச்சியில, யானை படுத்தாப்புல. அது மேல பூராவும் கல்பாசி. கறிக்குழம்பு கொதிக்கறப்போ கம்முனு ஒரு வாசம் வருமே, அந்தப் பாசிதான். ம் கொட்டு. கொட்டாட்டி நிறுத்திடுவேன்.

அந்தப் பாறைக்கு நடுவுல ஒரு வெடிப்பு. இந்தப் பக்கம் அக்கா நல்லாயிக்கு, அந்தப் பக்கம் தங்கச்சி குஞ்சாயிக்கு. குஞ்சாயி, பாவம், புருஷன் செத்ததும் அக்கா வீட்டோட வந்துட்டா. ரெண்டு பேரும் விடிகாலையில, பாசி பனியில நனைஞ்சு மெத்துனு இருக்கறப்போ, மூங்கில் சிம்பால சரக் சரக்னு உரிச்சு, சந்தையில விப்பாங்க. பாதிதான் உரிப்பாங்க, மீதியை விட்டுடுவாங்க. உள்ளங்கை அகலம் வளரப் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும்ல?

அப்புறம் ஒருநாள், குஞ்சாயி பக்கத்துப் பாசி மேல ரோஸ் கலர்ல ஒரு புள்ளி. குட்டியூண்டு. பாசியையே தின்னு பாசி மேலயே வாழற ஒரு பூஞ்சக்காளான் அது. நாலு நாள்ல வெடிப்பைத் தாண்டி நல்லாயி பக்கமும் வந்துடுச்சு.

"ஐயையோ, சீக்கு! நம்ம சோத்துல மண்ணு விழுந்துச்சுடி!"ன்னு கத்தினா நல்லாயி.

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே அக்கா"ன்னா குஞ்சாயி.

கேட்டாளா? கேக்கலையே! மொதல்ல அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவினா. உஸ்ஸுனு காத்து வந்து ஊதிட்டுப் போயிடுச்சு. அப்புறம் குடம் குடமா மஞ்சத்தண்ணி, சளார் சளார்னு ஊத்தினா. பாறை மஞ்சளாச்சு, புள்ளி ரோஸாவே இருந்துச்சு. மூணாவதா எடுத்தா அருவாளை. கர்ர் கர்ர்னு தன் பக்கத்தைப் பூரா சொரண்டிட்டா! புள்ளி போச்சு, பாசியும் போச்சு. அந்த வெறியோட வெடிப்பைத் தாண்டி வந்தா.

அப்போ குஞ்சாயி கையை விரிச்சு மறிச்சா. "வேணாங்க்கா. இது என் பங்கு."

நல்லாயி வாயிலேருந்து வந்துச்சு பாரு ஒரு வார்த்தை: "ஒண்ட வந்ததுக்கு ஒண்ட வந்தது பரிஞ்சு பேசுதாக்கும்!"

குஞ்சாயி சிம்பைக் கீழ வெச்சா, மாத்துச்சேலையை எடுத்துக்கிட்டா, மலையிறங்கிப் போயிட்டா. நல்லாயி கூப்பிட்டிருக்கலாம். வீம்பு, கூப்பிடல.

தூங்கிட்டியா? ம் கொட்டு.

அப்புறம் சொட சொடன்னு மழைக்காலம் வந்துபோச்சு. நல்லாயி போய்ப் பார்த்தா. குஞ்சாயி பக்கத்துல ரோஸ் புள்ளியும் இருக்கு, பாசியும் தளதளன்னு இருக்கு. அந்தப் புள்ளி கொஞ்சூண்டுதான் தின்னிருக்கு. இவ பக்கம்? மொட்டைப்பாறை! "நான் சொரண்டினது பாசியை மட்டுமா"ன்னு அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதா.

மலைக்குக் கீழ எல்லாச் சந்தையிலயும் தங்கச்சியைத் தேடினா. கிடைக்கல. காப்பித் தோட்டத்துல கூலிக்குப் போனா. தங்கச்சி பங்கு பாசியை மட்டும் ஒரு இணுக்கு தொடல. யார் கேட்டாலும், "அவ வருவா, அவளே உரிப்பா"ன்னுவா.

வருஷம் ஓடிப்போச்சு. நல்லாயிக்குத் தலை நரைச்சுப்போச்சு. ஒருநாள் காலையில பார்த்தா, தான் சொரண்டின எடத்துல நகத்தளவு பாசி! அதுக்கு ஓரத்துல, கடுகாட்டம், ஒரு ரோஸ் புள்ளி.

நல்லாயி குனிஞ்சு, அதை விரலால தடவிக் குடுத்தா.

"வந்துட்டியா? ஓரமா எதுக்குடி, நடுவுலயே இரு"ன்னா.

என்ன கண்ணு? குஞ்சாயியா? வரல. அவ வரவேயில்ல.

பாறை தூங்குது, பாசி தூங்குது, பாசி மேல புள்ளியும் தூங்குது. கதையும் படுத்துடுச்சு. தள்ளிப் படுக்காத, கிட்ட வந்து தூங்கு.