ஒட்டகம் போட்ட ஓலை

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாவுக்குப் பொழுது போகவில்லை என்றால் ஊருக்குத் தூக்கம் போய்விடும் என்றிருந்த காலத்தில், குமுதசேகரர் என்றொரு மகாராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். சும்மா இருக்கத்தான் தெரியாது.

ஒருநாள் அவருக்குப் படகில் போக ஆசை வந்துவிட்டது. அந்த நாட்டில் ஆறும் கிடையாது, கடலும் கிடையாது. இருந்தது ஒரே ஒரு பெரிய ஏரி. ஏரிக்கே போய்ப் படகு விடலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ராஜா படகு விடுவதை ராணிமார் மாடியில் நின்று பார்க்கவேண்டுமாம். ஆகவே அரண்மனைத் தோட்டத்தில் ஒரு குளம் வெட்டி, ஏரித் தண்ணீரை அதற்குத் திருப்புவது என்று முடிவாயிற்று.

சேதி கேட்டு, ஏரிக்குக் கிழக்கே வயல் வைத்திருந்த செங்கமலம் என்ற பெண் சபைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, நெல்லு இப்பத்தான் பால் பிடிக்குது. இந்த நேரத்துல தண்ணியத் திருப்பினா அம்புட்டும் பதராப் போயிரும். புள்ளைகளுக்கு என்னத்தைப் பொங்கிப் போடுவேன்?"

ராஜாவுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. அவருக்குக் குளமும் வேண்டும், நல்ல பெயரும் வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஊருக்குப் பிடிக்காததை நாம் செய்யோம். ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும்போது குடத்தில் ஓலை போடுகிறார்கள் அல்லவா? அப்படியே இதற்கும் போடட்டும். பச்சை ஓலை அதிகம் விழுந்தால் குளம். காய்ந்த ஓலை அதிகம் விழுந்தால் தண்ணீர் வயலுக்கு."

இதைக் கேட்டுப் பெரிய பிரதானி வரதநம்பிக்கு வியர்த்துவிட்டது. குளம் வெட்டும் யோசனையை ராஜாவின் காதில் போட்டதே அவர்தான். ஊரைக் கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் பிரதானி என்றால் சும்மாவா?

"உத்தரவு, மகாராஜா. யார் யார் ஓலை போடலாம் என்பதை மட்டும் அடியேன் விதித்துவிடுகிறேன்" என்றார்.

மறுநாள் ஊரில் தமுக்கு அடித்தார்கள். ஏரித் தண்ணீரால் பலன் அடைகிறவர் ஓலை போடக்கூடாது, அவருக்குச் சுயநலம் இருக்கும். மகாராஜாவைப் பற்றி ஒரு குறையாவது சொன்னவர் போடக்கூடாது, அவருக்கு வன்மம் இருக்கும். அரண்மனைச் சாப்பாட்டை ஒரு வேளையாவது சாப்பிட்டவர்தான் போடலாம், அவருக்குத்தான் நன்றி இருக்கும். திருட்டுக்கு இடமில்லாதபடி, போட்ட ஓலை எங்கே போனாலும் பெரிய பிரதானியே பின்னால் போய்த் தன் கையால் எடுத்து எண்ணிச் சபையில் காட்டுவார். அதற்குப் பிறகுதான் அது ஓலைக்கணக்கில் சேரும்.

கடைசியாக ஒன்று. யாருக்குத் தகுதி உண்டு, இல்லை என்று பார்க்கும் பொறுப்பு அரண்மனை விகடன் சடையனுக்கு. தகுதி இல்லாத ஒருவர் ஓலை போட்டுவிட்டால் அவன் தலை போய்விடும்.

சடையன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். பிரதானி வாயைத் திறந்தால் ராஜா கொட்டாவி விடுவார். பிரதானிக்கு இது ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல். வயல்காரர்களை விரட்டும் வேலையைச் சடையன் தலையில் கட்டினால் ஊர் முழுக்க அவனைத்தானே திட்டும்!

திட்டவும் செய்தது. செங்கமலம் அவனைக் கடைவீதியில் மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, பயிரு எங்களுது. ஓலை மட்டும் அவுகளுதா? நீயும் அதுக்குக் காவல் நிக்கப் போறியாக்கும்?"

மற்றவர்களைச் சிரிக்கவைத்துச் சோறு தின்கிறவன் சடையன். கண் கலங்கி நிற்கிறவளைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஓலை போடும் நாள் வந்தது. சபை நடுவில் குடத்தை வைத்தார்கள். உள்ளே ஏதும் ஒளித்துவைக்கவில்லை என்று காட்டுவதற்காக, குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டுவது அந்த ஊர் வழக்கம். சடையன் கவிழ்த்துக் காட்டினான்.

முதலில் சேனாதிபதி பச்சை ஓலையும் கையுமாக வந்தார்.

"தங்கள் வேட்டி பளிச்சென்று இருக்கிறதே, எங்கே வெளுத்தது?" என்றான் சடையன்.

"ஏரித் துறையில்தான்."

"ஏரித் தண்ணீரால் பலன். தள்ளி நில்லுங்கள்."

அடுத்து வந்த ராஜகுரு, துவைக்காத புதுப்பட்டு கட்டிக்கொண்டு, அன்றைக்குக் குளிக்காமலும் வந்திருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சுவாமி, காலையில் என்ன ஆகாரம்?"

"வெண்பொங்கல்."

"அரிசி எந்த வயலில் விளைந்தது?"

ராஜகுரு தானாகவே போய்ச் சேனாதிபதி பக்கத்தில் நின்றுகொண்டார். சேனாதிபதி கொஞ்சம் விலகிக்கொண்டார்.

பிரதானி கெட்டிக்காரர். "நான் நேற்றிலிருந்து பட்டினி. வேட்டியும் புதியது" என்று நிமிர்ந்து நின்றார்.

சடையன் அவரைச் சுற்றிவந்து பார்த்தான். "ஐயா, இந்தத் தொந்தி நேற்று வந்ததா?"

சபை கொல்லென்று சிரித்தது. பிரதானியும் வெளியே.

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "போகட்டும், நாமே போடுகிறோம்!"

சடையன் காலில் விழுந்தான். "மகாராஜா, அடியேன் தலை போய்விடும். காலையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, 'முடியெல்லாம் கொட்டிவிட்டது, கிழவனாகிவிட்டேன்' என்று சொன்னது யார்? மகாராஜாவைப் பற்றி இவ்வளவு பெரிய குறையை இந்த நாட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை."

ராஜா கிரீடத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். சபையில் ஒருவரும் மிஞ்சவில்லை.

"அப்படியானால் இந்த நாட்டில் ஓலை போட ஒருவர்கூட இல்லையா?"

"ஒரே ஒருவர் இருக்கிறார், மகாராஜா. வாசலில் காத்திருக்கிறார்" என்று சொல்லிச் சடையன் வெளியே போனான். ஒரு வடநாட்டு வியாபாரி ராஜாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்திருந்த ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இது ஒட்டகம்!" என்று கத்தினார் பிரதானி.

"மனிதர்தான் போடவேண்டும் என்று ஐயா விதிக்கவில்லையே. வந்ததிலிருந்து இவர் தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏரியால் ஒரு சொட்டுப் பலன் இல்லை. மகாராஜாவைப் பற்றிக் குறை சொன்னதில்லை. சாப்பாடோ, தினம் மூன்று வேளையும் அரண்மனை முள்வேலிதான். தோட்டத்துப் பக்கம் போய்ப் பாருங்கள், வேலியே காணோம்."

ஒட்டகத்தின் முன்னால் பச்சை ஓலையையும் காய்ந்த ஓலையையும் நீட்டினான். அது இரண்டையும் மோந்து பார்த்தது. பச்சை ஓலையைக் கவ்வியது.

"பச்சை! பச்சை!" என்று பிரதானி துள்ளிக் குதித்தார். "குளம் ஜெயித்தது!"

ஒட்டகம் ஓலையைக் குடத்தில் போடவில்லை. நிதானமாக மென்று விழுங்கிவிட்டது.

"அவசரப்படாதீர்கள், ஐயா" என்றான் சடையன். "ஓலை எங்கே போனாலும் தாங்களே பின்னால் போய், தங்கள் திருக்கையால் எடுத்து எண்ணிக் காட்டினால்தானே கணக்கு? ஓலை போயிருக்கிறது. தாங்களும் பின்னால் போங்கள். நாளைக்குள் வந்துவிடும். அது பச்சையா, காய்ந்ததா என்று நன்றாக விரித்துப் பார்த்துச் சபைக்குச் சொல்லுங்கள்."

ஒட்டகம் மெதுவாகத் திரும்பிப் பிரதானிக்குப் பின்பக்கத்தைக் காட்டியது. பிரதானிக்கு முகம் வெளிறிப்போனது.

"மகாராஜா," என்றார் பின்னால் நகர்ந்துகொண்டே, "குளம் என்ற பேச்சையே அடியேன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

ராஜா அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிம்மாசனத்தில் சாய்ந்து, கிரீடம் உருண்டோட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"சடையா, எல்லோரையும் போடவிட்டிருந்தால் என்ன விழுந்திருக்கும்?"

"சுயநலம் உள்ளவர்களைத்தான் கேட்கவேண்டும், மகாராஜா. வாசலில் ஒருத்தி நிற்கிறாள். காவலர்கள் உள்ளே விடவில்லை."

செங்கமலத்தை அழைத்துவந்தார்கள். அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு காய்ந்த ஓலையை எடுத்தாள். காலையிலிருந்து அதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"சாமி, உங்களுக்குப் படகு விடணும், அம்புட்டுத்தானே? ஏரிக்கு வாங்க. கரையில நின்னு நாங்க எல்லாரும் தள்ளிவிடுறோம். ராணியம்மாவுகளையும் கூட்டிட்டு வாங்க."

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அது தன்னைப் பார்த்தே சிரித்த சிரிப்பு. ஏரிக்குப் போனால் போதும் என்று இத்தனை பெரிய சபையில் ஒருவன்கூடச் சொல்லவில்லையே! பிரதானி முன்கூட்டியே வெட்டத் தொடங்கியிருந்த வாய்க்காலை அன்றைக்கே தூர்க்கச் சொன்னார். செங்கமலம் தன் ஓலையைக் குடத்தில் போட்டுவிட்டுத்தான் போனாள்.

"சடையா, உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

சடையன் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒற்றை ஓலையைப் பத்திரமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே ஏதும் ஒளித்துவைக்கவில்லை என்று சபைக்குக் காட்டினான். பிறகு நிமிர்த்தி ராஜாவின் காலடியில் வைத்தான்.

ராஜா சிரித்துக்கொண்டே கழுத்தில் இருந்த முத்துமாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குடத்தில் போட்டார்.

"போட்டது எங்கேயும் போகாது, ஐயா" என்றான் சடையன், பிரதானியைப் பார்த்து. "எண்ண வருகிறீர்களா?"