நீக்கப்பட்ட அத்தியாயம்

பிரமநாயகி பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருந்தாள். கதை எழுதக் கற்றுக்கொண்டது வயதான எழுத்தாளர் சவரிராயனிடம். கணவன் போன பிறகு அவள் இணையத்தில் எழுதிய தொடர்கதைகளை வாசகர்கள் காசு கொடுத்துப் படித்தார்கள். வீடு அதில்தான் ஓடியது.

ஒரு பதிப்பகம் அவள் கதையைப் புத்தகமாகப் போட முன்வந்தது. அச்சு, இணையம், மொழிபெயர்ப்பு என எல்லா உரிமையும் காலத்துக்கும் தங்களுக்கே என்றது ஒப்பந்தம். அச்சில் தன் பெயரைப் பார்க்கும் ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது.

"கையெழுத்துப் போடலாமா சார்?"

சவரிராயன் கட்டிலுக்கடியில் இருந்து தன் ஒரே நாவலை எடுத்துக் கொடுத்தார். கடைகளில் அது கிடைக்காமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. முதல் அத்தியாயத்தை அவளுடைய இணையப் பக்கத்தில் போடச் சொன்னார்.

போட்டாள். மறுநாளே இணையதளத்தார் அதை நீக்கிவிட்டார்கள். அந்த நாவலை எப்போதோ வெளியிட்டவர்கள் புகார் கொடுத்திருந்தார்கள்.

அவள் பதறிப்போய் வந்தாள்.

"எழுதினவருக்கே உரிமை இல்லையாம் சார்."

"தெரியும். அத நீ அவங்க வாயால கேக்கணும்னு நெனச்சேன்."

அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். பதிப்பகத்துக்காரர் முதலில் முறைத்துக்கொண்டார். அவர் தயவு இல்லாமலே அவளுக்குச் சோறு உண்டு என்று புரிந்ததும் இறங்கி வந்தார். இணையமும் மொழிபெயர்ப்பும் ஒப்பந்தத்திலிருந்து நீங்கின. அச்சுரிமை ஐந்து வருடத்துக்கு மட்டும் என்றானது.

புது ஒப்பந்தத்தை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தார். முகம் ஒரு கணம் மலர்ந்து வாடியது.

"எனக்கு அப்போ அவங்கள விட்டா வேற கதி இல்லம்மா."

அவருடைய நாவலின் உரிமையைத் திருப்பித் தரும்படி, வரும் வழியில் அதன் வெளியீட்டாளரிடம் போனில் கேட்டதை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர்கள் அச்சிடவும் மாட்டார்களாம், விட்டுத் தரவும் மாட்டார்களாம்.

அவள் திரும்பக் கொண்டுவந்திருந்த நாவலை அவர் வாங்கிக்கொண்டார். அதைப் புரட்டியபடி கேட்டார்.

"அத்தியாயத்தத் தூக்குறதுக்கு முன்னால யாராவது படிச்சாங்களா?"

"ஒரு பொண்ணு படிச்சிருக்கு சார். கதையில வீட்ட விட்டுப் போன அந்த அக்கா அப்புறம் என்ன ஆனான்னு கேட்டு எழுதியிருக்கு. என்ன பதில் போடட்டும்?"

சவரிராயன் புத்தகத்தை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"அவ என் கூடப் பொறந்த அக்காம்மா. என்ன ஆனான்னு சொல்ல, நான் யார்கிட்டப் போயி அனுமதி கேக்க?"