ஒரு பிடி மண்ணில் ஒரு குதிரை

கண்மாயைத் தூர்வார இறங்கிய அன்று, சிறுகூடலூர்க்காரர்கள் கரையில் இருக்கும் ஐயனாருக்கு நேர்ந்துகொண்டார்கள். "வேலை நல்லபடியா முடிஞ்சா, இந்தக் கண்மாய் மண்ணுலயே ஒனக்கு ஒரு குதிரை செஞ்சு வைக்கிறோம்." சொன்னது இவ்வளவுதான்.

வேலை முடிந்தது. பூசாரி நல்லகண்ணு கண்மாயில் ஒரு பிடி மண் அள்ளி, குதிரை செய்யும் வேளார் முத்திருளன் கையில் கொடுத்தார். இதற்குப் பிடிமண் என்று பெயர். வாங்கிவிட்டால் குதிரையைச் செய்தே ஆகவேண்டும்.

ஊர் எதிர்பார்த்ததோ பத்தடிக் குதிரை. அதற்கு ஏழெட்டு வண்டிக் களிமண் வேண்டும். அள்ளிய வண்டலெல்லாம் வயலுக்குப் போய்விட்டது. மிச்சம் கண்மாயின் அடித்தரைதான். முத்திருளன் ஓரிடத்தில் கொத்திப் பார்த்தார். ஒரு முழம்தான் களிமண், அதற்குக் கீழே வெறும் மணல்.

"இதை வெட்டுனா பெய்யிற தண்ணி பூராம் கீழ எறங்கிரும்" என்றார்.

கிழக்கே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. மண் எடுப்பதென்றால் இன்றைக்கே எடுக்கவேண்டும். யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

"வெட்டுங்கப்பா. சாமி குத்தம் வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் பூசாரி.

தூர்வார ஊரைத் திரட்டிய பஞ்சவர்ணம் மண்வெட்டிகளுக்குக் குறுக்கே போய் நின்றாள். "குதிரையே வேணாம். சாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"அவரு ஒனக்குப் பெரியப்பன் முறையா, கேட்டதும் விட்டுர்றதுக்கு?"

"ஒங்களுக்கு மட்டும் பங்காளியாக்கும், மாமா?"

முத்திருளன் இதில் எதிலும் சேரவில்லை. கரையோரம் உட்கார்ந்து, வாங்கிய பிடிமண்ணைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். எழுந்தபோது அவர் உள்ளங்கையில் ஒரு குதிரை நின்றது. கழுத்தில் மணிகூட இருந்தது.

"இதுல ஐயனாரு எங்கய்யா ஏறுவாரு?" என்றார் பூசாரி. கூட்டம் சிரித்தது.

"சுட்டுக் கொண்டாந்து வச்சிர்றேன்" என்று வேளார் நடையைக் கட்டினார்.

வெட்டச் சொன்ன பூசாரி, வேண்டாமென்ற பஞ்சவர்ணம், கையளவில் முடித்த வேளார். இந்த மூவரில் யார் செய்தது சரி? கீழே பார்க்காமல் சொல்லுங்கள்.

விடை: வேளார் செய்ததே சரி. எந்த மண் என்று ஊர் வாக்குக் கொடுத்தது. எத்தனை அடி என்று கொடுக்கவில்லை. பத்தடி என்பது ஊரின் ஆசை. பஞ்சவர்ணம் தண்ணீரைக் காத்தாள், ஆனால் ஊரே சேர்ந்து நேர்ந்ததை ஒருத்தியாகத் திரும்ப வாங்க முடியாது. பூசாரியோ, கண்மாய்க்குக் காவல் இருக்கிற சாமிக்காகக் கண்மாயையே ஓட்டை போடச் சொன்னார். ஐயனார் எப்படி ஏறுவார் என்கிறீர்களா? பத்தடிக் குதிரையில் அவர் ஏறி இறங்கியதை மட்டும் நம்மில் யார் பார்த்தோம்?