வளைந்த கோலத்து வழக்கு

காந்திமதி போட்ட கோலம் கோர்ட் வரைக்கும் போன கதை இது. கல்யாண மண்டபங்களில் கோலம் போட்டுப் பிழைக்கிறவள் அவள். அவள் மேல் கேஸ் போட்டவர் ஸ்டிக்கர் கோலம் அச்சடிக்கிற முதலாளி சபாரத்தினம். தன் டிசைனைக் காப்பியடிக்கிறாளாம், இனி எங்கேயும் போடக் கூடாதாம்.

"நீதான் முதல்ல போட்டேன்னு என்னம்மா அத்தாட்சி?" என்றார் நீதிபதி.

தினமும் போட்டு, தினமும் பெருக்கித் தள்ளுகிற கோலத்துக்கு அத்தாட்சி எங்கிருந்து வரும்?

"ஐயா, இவரை ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இடது மூலையில மட்டும் கோடு ஏன் உள்ள வளையுது?"

சபாரத்தினம் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் கலை, உனக்குப் புரியாது. மூணு மாசம் யோசிச்சு வளைச்சேன்."

"எனக்கு அவ்வளவு நேரம் ஆகலை ஐயா. எங்க வாசல்ல அந்த இடத்துல தண்ணிக் குழாயோட இரும்பு மூடி இருக்கு. அதைச் சுத்திப் போட்டேன்."

நீதிபதி ஸ்டிக்கரைக் கொடுத்து காந்திமதி வீட்டுக்கு ஆளை அனுப்பினார். வாசலில் விரித்தால், மூடி அந்த வளைவுக்குள் அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. வழக்கு தள்ளுபடி.

வெளியே வந்த முதலாளியிடம் காந்திமதி மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த தடவை அந்த மூடியையும் சேர்த்து அச்சடிச்சிருங்க, அண்ணாச்சி."