தாசில்தாரின் முள்ளங்கி ஆய்வு

தாசில்தார் தில்லைநாயகம் ரிட்டயர் ஆகிவிட்டார். அவருடைய ஆய்வு செய்யும் பழக்கம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. மொட்டைமாடித் தொட்டியில் போட்ட முள்ளங்கியைத் தினமும் காலையில் பிடுங்கிப் பார்ப்பார். இன்னும் பருக்கவில்லையே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, மறுபடி மண்ணுக்குள் செருகிவிடுவார். செடியெல்லாம் வாடித் தொங்கியது. தோட்ட வேலைக்கு வரும் மாரக்காள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். மனுஷன் கேட்டால்தானே!

ஒருநாள் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். "புதுசா விதை போடு. நாப்பது நாள்ல ஒவ்வொரு முள்ளங்கியும் என் மணிக்கட்டு பருமன் இருக்கணும். இல்லேன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

"ஆகட்டுங்க" என்றாள் மாரக்காள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினார் தாசில்தார். அவள் பக்கத்தில் போய் நின்று, "ஐயா!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

"என்ன, என்ன?"

"தூக்கம் வந்துருச்சான்னு பார்த்தனுங்க. நீங்க தூங்குங்க."

கண் செருகியது. மறுபடியும் "ஐயா!" நாலாவது தடவை துள்ளி எழுந்தார். "நிமிஷத்துக்கு ஒருதரம் எழுப்பிப் பார்த்தா மனுஷனுக்கு எப்படிம்மா தூக்கம் வரும்?"

"அதையேதானுங்க அந்த முள்ளங்கியும் கேக்குது."

தில்லைநாயகம் நேராக உள்ளே போனார். மாடிச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்.

நாற்பதாம் நாள் ஒவ்வொரு முள்ளங்கியும் அவர் மணிக்கட்டையே மிஞ்சியது. தெருவையே கூப்பிட்டு, "எல்லாம் நான் வளர்த்தது!" என்று மார்தட்டினார்.

"ஆமாங்க" என்றாள் மாரக்காள். "ஐயா கையே வைக்காம வளர்த்தது."