சொல்லாமல் கொதித்த பால்

ஏழு கடல் தாண்டியும் இல்லை, ஏழு மலை தாண்டியும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில் பூங்கோதை என்றொரு குரு இருந்தாள். வயது இருபத்தொன்பது. சீடர் மாரப்பனுக்கு நாற்பத்தேழு.

அன்று காலை மாரப்பன் முந்நூறு பேரை நடுத்தெருவில் நிறுத்தியிருந்தார்.

பஸ் பயணிகளுக்குச் செய்தி அனுப்பும் நிரலை கன்டெய்னர் என்னும் ஒரு மென்பொருள் பெட்டிக்குள் கட்டி வைத்திருந்தார். திறந்தால் எந்த நிரல் ஓடவேண்டும் என்று முதல் வரி; யார் என்ன சொன்னாலும் அது மாறாது. ஓட்டுபவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நிரல் எதை எடுத்துக்கொள்வது என்று இரண்டாம் வரி. இரண்டாம் வரியில் ‘ஒத்திகை’ என்று எழுதியிருந்தார். ஒத்திகை என்றால் செய்தி வெளியே போகாது. காலையில் நிரலை ஓட்டும்போது ‘தமிழில்’ என்று ஒரு சொல் சேர்த்துச் சொன்னார். ‘உங்கள் பஸ் ரத்து’ என்று சுத்தத் தமிழில் முந்நூறு பேருக்குப் போய்விட்டது.

“நாலு மணிக்கு மறுபடி ஓட்டுங்க. இன்னொரு செய்தி வெளிய போச்சுன்னா நீங்களும் வெளிய” என்றார் மேலாளர்.

“ஒரே ஒரு வார்த்தைதான் அம்மிணி சேத்துச் சொன்னேன். ஒத்திகை எங்க போச்சு?” என்று மாரப்பன் குருவிடம் கேட்டார்.

“டீ குடிக்கலாங்ணா. எனக்கு இஞ்சி போட்டு வாங்கிட்டு வாங்க.”

வாங்கி வந்தார். குரு ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்து டம்ளரை அவரிடமே நீட்டினாள். பாகு மாதிரி இனித்தது.

கேன்டீனில் டீ போடும் அய்யாவு அடுப்பருகிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏனுங் அம்மிணி?”

“எனக்குச் சர்க்கரை ஆகாதுன்னு தெரியாதுங்ளா?”

“தெரியாமயா? நீங்க ஒண்ணுஞ் சொல்லாத நாள்ல சர்க்கரையில்லாமத்தான குடுக்கறேன். இன்னிக்கு இவரு வந்து இஞ்சின்னாரு. சொல்லிட்டா அப்புறம் சொன்னது மட்டுந்தானுங்க.” அவர் அடுப்புக்குத் திரும்பிவிட்டார்.

மாரப்பன் தலையைச் சொறிந்தார். “அப்ப நாலு மணிக்கு ஒத்திகையையும் சேத்துச் சொல்லீர்றேன்.”

“நீங்க சொல்லுவீங்க. நாளைக்கு வேறொருத்தரு ஓட்டுவாங்களே?”

“மறக்கவே கூடாதத அப்ப எங்கதான் எழுதறது அம்மிணி?”

குரு கிளம்ப எழுந்தாள். “பாலைக் காய்ச்சுங்கன்னு அவருகிட்டச் சொன்னீங்களா?”

“இல்லீங்களே.”

“காய்ச்சித்தான குடுத்தாரு?”

அவள் போய்விட்டாள். மாரப்பன் ஆவி பறந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அப்படியே வைத்துவிட்டு, இரண்டாம் வரியிலிருந்த ஒத்திகையை முதல் வரிக்கு மாற்ற நடந்தார்.